ஒரே பேரில் இரண்டு கோட்டு

ஜூலை 9, செவ்வாய்

இன்று முழுக்க எனக்கு வீட்டில் பயிற்சி வகுப்பு. வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி என்று. ஆசிரியை என் மனைவி.

"சம்பந்தி என்ன சொன்னாலும் சரிங்கன்னு சொல்லுங்க. உங்க நக்கல், நையாண்டி எல்லாத்தையும் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டுப் போங்க. அவ வாழ்க்கை இது."

'அவ' என்பது எங்கள் ஒரே மகள். முப்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒரு பையனைப் பார்த்துவிட்டு 'முடியாது' என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். செப்டம்பரில் கல்யாணம், மண்டபம் பிடித்தாயிற்று. பையனின் அப்பா டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கடை பெரிது, வயிறு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. வரவேற்பு அன்று இரண்டு அப்பாக்களும் ஒரே துணியில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது அவருடைய கனவு. உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்தால் கனவு கலைந்துவிடுமாம். வெளிநாட்டில் ஓர் ஊர் இருக்கிறதாம். ஒரு தெரு முழுக்கத் தையல் கடைகளாம். அளவு கொடுத்துவிட்டு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் கோட்டு தயாராக இருக்குமாம். பக்கத்துத் தெருவில் காலுக்கு அளவெடுத்துத் தோல் ஷூவும் செய்து தருவார்களாம். "சம்பந்தி, நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுவோம்" என்றார் போனில். கேள்வி இல்லை, தகவல்.

பெயிண்ட் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரைக்கைச் சட்டைக்கு மேல் எதுவும் போட்டதில்லை. "சரிங்க சம்பந்தி" என்றேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். தேறிவிட்டேனாம்.

ஜூலை 14, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு வழியில்லை. "எதுக்கு ரெண்டு ரூம்? நாம என்ன அந்நியமா?" என்று ஒரே அறை போட்டிருக்கிறார். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டார். "சம்பந்தி, நீங்க ஜன்னலோரம் உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே அங்கே அவர் உட்கார்ந்துவிட்டார். சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையைப் பெற்றவரை யார் கேட்க முடியும்? டீ ஆறிப்போயிருக்கிறது என்று பணிப்பெண்ணிடம் சத்தம் போட்டார். எனக்கு வந்த டீ கொதித்தது. "ஆமாங்க, ஆறித்தான் போச்சு" என்றேன், நாக்கைச் சுட்டுக்கொண்டே.

இந்த நோட்டில் மட்டும் அவரை டைல்ஸ் என்று எழுதப் போகிறேன். வாய்க்குள் அடக்கியது எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? இல்லையென்றால் ரத்தக் கொதிப்பு ஏறி, கல்யாண மண்டபத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் இடம் பிடிக்க வேண்டியிருக்கும்.

கதவைத் தட்டுகிறார். "சம்பந்தி, உள்ளே ஏதாவது பிரச்சனையா?"

பிரச்சனை வெளியேதான் நிற்கிறது.

ஜூலை 15, திங்கள்

தையல் தெருவுக்குப் போனோம். வாசலுக்கு வாசல் தலையில்லாத பொம்மைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. நானும் அந்த வரிசையில் போய் நின்றிருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பெண்ணைப் பெற்றவனுக்கு ஆட்டுவதற்கு மட்டும்தான் தலை.

டைல்ஸின் மச்சான் சொல்லி அனுப்பிய கடை. நடத்துவது ஒரு நடுவயதுப் பெண்மணி. கழுத்தில் டேப், உதட்டில் நாலைந்து குண்டூசி. ஊசியை எடுக்காமலே பேசுகிறார், சிரிக்கிறார், விலையும் சொல்கிறார். குண்டூசியம்மா என்று பேர் வைத்துவிட்டேன். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலமும் எங்கேயும் சந்திக்கவில்லை. மிச்சத்தைக் கைகள் பார்த்துக்கொண்டன.

டைல்ஸ் ஒரு துணிச்சுருளை உருவினார். பீட்ரூட் நிறம். போதாததற்கு மினுமினுப்பு வேறு. அந்த நேரத்தில் என் கை பக்கத்திலிருந்த சாம்பல் நிறத் துணியைத் தடவிக்கொண்டிருந்தது. "எப்படி சம்பந்தி?" என்றார். கையை எடுத்துவிட்டேன். "பிரமாதம்ங்க."

காலமெல்லாம் பெயிண்ட் டப்பாக்களோடு வாழ்ந்தவன் சொன்ன பொய் இது. இந்த நிறத்தைக் கழிவறைச் சுவருக்குக்கூட யாரும் கேட்டு வந்ததில்லை.

பிறகு அளவு. குண்டூசியம்மா டேப்பை வயிற்றைச் சுற்றிக் கொண்டுபோனதும் டைல்ஸ் மூச்சை உள்ளே இழுத்தார். வயிறு மேலே ஏறி மார்பானது. முகம் துணியின் நிறத்துக்கே வந்துவிட்டது. டேப்பை எடுத்ததும் எல்லாம் பழைய இடத்துக்கு இறங்கியது. ஒவ்வோர் அளவுக்கும் இதே கூத்து. கழுத்துக்குக்கூட மூச்சை இழுத்தார் மனிதர். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்திருந்தால் என் மகள் கதி என்ன?

சீட்டு எழுதும்போது குண்டூசியம்மா பேர் கேட்டார். என்னைக் காட்டி டைல்ஸிடம் கேட்டார். சம்பந்தியைப் பேர் சொல்வதாவது! டைல்ஸ் என் தோளில் கையைப் போட்டு, "சம்பந்தி!" என்றார் பெருமையாக. குண்டூசியம்மா எழுதிக்கொண்டார். அடுத்து டைல்ஸைக் காட்டி என்னிடம் கேட்டார். மரியாதையில் நான் மட்டும் குறைந்தவனா? "சம்பந்தி" என்றேன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தம்பியா என்று சைகையில் கேட்டார். டைல்ஸ் "அதுக்கும் மேல" என்று கையை உயரத் தூக்கிக் காட்டினார்.

ஜூலை 16, செவ்வாய்

தோல் கடை. உள்ளே நுழைந்ததும் பசையும் பாலிஷும் கலந்த வாடை மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. வெறுங்காலோடு காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைகிறார்கள். கூச்சம் தாங்காமல் நெளிந்தேன். என் ஷூவுக்கு இடுப்பு வந்தாலும் வரலாம்.

டைல்ஸ் தோல்காரரின் காதில் ரகசியமாக ஏதோ சொன்னார். அவருக்குப் புரியவில்லை. குதிகாலைக் காட்டி, கட்டைவிரலால் மேலே மேலே என்று சைகை செய்தார் டைல்ஸ். புரிந்துவிட்ட சந்தோஷத்தில் தோல்காரர் உள்ளே இருந்த ஆட்களைப் பார்த்துச் சத்தமாக அறிவித்தார். கடையே திரும்பி டைல்ஸின் உயரத்தை அளந்தது. ஷூவுக்குள்ளே உசத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். நான் பெல்ட்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒரே பெல்ட்டை.

பிறகுதான் சங்கடம். "நம்ம பொண்ணுக்கு ஒரு கைப்பை செஞ்சுடுவோம் சம்பந்தி. அவ பேரோட முதல் எழுத்தைப் போட்டு" என்றார். 'நம்ம பொண்ணு.' அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது, ஒத்துக்கொள்கிறேன். "அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டார்.

தெரியவில்லை. முப்பத்தோரு வருஷமாகத் தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை, 'மீட்டிங்' என்று செய்தி வந்தது. டைல்ஸ் தன் மகனுக்குப் போட்டார், ஒலிபெருக்கியில். "அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான் மாப்பிள்ளை. ஒருவித சலிப்போடு.

"வெக்கப்படறான்" என்றார் டைல்ஸ்.

"ஆமாங்க" என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று கறுப்பு சொல்லிவிட்டு வந்தோம். எழுத்தை வாங்கும்போது குத்திக்கொள்ளலாம்.

ஜூலை 17, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

முதலிலிருந்து எழுதுகிறேன். கோட்டுகளைப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். என் கோட்டுக்குள் நான் நுழைந்தேன். உடம்பு சரியாக இருக்கிறது. கைகள் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிட்டன. பேண்ட், கணுக்காலுக்கு எவ்வளவோ மேலே நின்று வேடிக்கை பார்க்கிறது. திரும்பினால் டைல்ஸ். அவருடைய கோட்டின் கைகள் விரல்களைத் தாண்டித் தொங்குகின்றன. பேண்ட் தரையைக் கூட்டுகிறது. அவர் குட்டை, நான் நெட்டை. என் உடம்பில் அவர் கை, அவர் உடம்பில் என் கை.

குண்டூசியம்மா சீட்டுகளை எடுத்து வந்து மேஜையில் அடித்து வைத்தார். தப்பு அவருடையது இல்லையாம். உடம்புக்கு ஒரு சீட்டு, கைகால்களுக்கு ஒரு சீட்டு, வெட்டுபவர்கள் வேறு வேறு ஆட்கள். நாலு சீட்டிலும் ஒரே பேர். சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி. யாருடைய கையை யாருடைய உடம்பில் ஒட்டுவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

டைல்ஸ் என் பக்கம் திரும்பினார். "உங்களை யாரு என் பேரைச் சம்பந்தின்னு சொல்லச் சொன்னது?"

"நீங்கதானேங்க முதல்ல சொன்னீங்க" என்றேன். இதுவரை நான் பாஸ்.

"நான் சொன்னா, நீங்க யோசிக்க வேண்டாமா? இந்தா பாருங்க, பட்டனும் மூட மாட்டேங்குது. பக்கத்துலதானே நின்னீங்க? அளவு சரியா எடுக்கறாங்களான்னு பாத்திருக்கலாம்ல? பொண்ணு வீட்டுக்காரங்க கொஞ்சம் பொறுப்பா இருக்கணும்."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். மொழி புரியாவிட்டாலும் குரல் எல்லோருக்கும் புரிந்தது.

எங்கேயோ பூட்டு தெறித்தது. பீரோவை அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது.

"நீங்க மூச்சை இழுத்துப் புடிச்சுக் குடுத்த அளவுங்க அது! வரவேற்பு முடியற வரைக்கும் மூச்சு விடாம நிப்பீங்களா? பட்டன் தெறிச்சுப் போட்டோகிராபர் கண்ணுல அடிச்சா அதுக்கும் பொண்ணு வீட்டுக்காரன்தான் பொறுப்பா? கழுத்தளவுக்கு எதுக்குய்யா வயித்தை இழுத்தீங்க? கழுத்துக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பீட்ரூட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். குதிகால் உசத்தியைப் பற்றியும். 'ய்யா' போட்டுவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவர் தொங்குகிற கைகளோடு கொஞ்ச நேரம் நின்றார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார்.

பொண்ணு கல்யாணத்தை வாயாலயே கெடுத்துட்டேனே. அவகிட்ட என்னன்னு சொல்றது? கோட்டு கை நீளமா இருந்துச்சு, அதனால உன் கல்யாணம் நின்னுபோச்சுன்னா? ஒரு வாரம் — ஒரே ஒரு வாரம் — வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா எனக்கு? அவர் சொன்னதுலயும் அப்படி என்ன பெரிய தப்பு? இல்ல, தப்புதான். ஆனா மாப்பிள்ளையைப் பெத்தவர் தப்பா பேசறது என்ன உலகத்துல நடக்காததா?

ஜூலை 18, வியாழன்

அவர் இன்னும் பேசவில்லை. இன்று குளியலறையை அவர் எடுத்துக்கொண்டார். மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அதே நாள், மத்தியானம்

பேசிவிட்டார்!

காலைச் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவர் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாரோ என்று பார்த்தால், "போட்டோகிராபர் கண்ணுல..." என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. குடித்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அவர் நிறுத்தினால் நான், நான் நிறுத்தினால் அவர். மேஜை துடைக்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என்னை ஒருத்தரும் திட்டினதே இல்ல சம்பந்தி. கடையில எல்லாம் முதலாளி முதலாளின்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. பையன் பேசறதே இல்ல. நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அவ இருந்திருந்தா இதேதான் சொல்லியிருப்பா. இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லியிருப்பா."

"அந்த ரெண்டும் எனக்கும் தோணுச்சுங்க. நேரம் இல்ல" என்றேன். மறுபடி சிரிப்பு.

இன்னொன்றும் வெளியே வந்தது. பீட்ரூட் அவருக்கும் பிடிக்கவில்லையாம்! சும்மா எடுத்துப் பார்த்தாராம். "நீங்க பிரமாதம்னீங்களேன்னுதான் நானும் துணிஞ்சேன். பெயிண்ட்ல இருந்தவர், கலர் தெரிஞ்சவராச்சேன்னு."

கடைக்குத் திரும்பிப் போனோம். குண்டூசியம்மா எங்களைப் பார்த்ததும் கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தார், முன்னெச்சரிக்கையாக. கோட்டுகளின் கைகளைப் பிரித்து மாற்றி, டைல்ஸின் வயிற்றுப் பக்கத் தையலைத் தளர்த்தினால் போதும், பேண்ட் மட்டும் புதிதாகத் தைக்கலாம், ஆனால் துணி வெட்டியது வெட்டியதுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, பீட்ரூட் எங்களோடுதான் வாழப்போகிறது. மறுபடி அளவெடுத்தபோது டைல்ஸ் முழு மூச்சையும் வெளியே விட்டு நின்றார். டேப் போதுமா என்று சந்தேகமாக இருந்தது. இந்த முறை அவரவர் பேரை அவரவர் சொன்னோம். பத்திரிகைக்காக எழுதிக் கொடுத்ததைத் தவிர, அவர் பேரை நான் அப்போதுதான் காதால் கேட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

டைல்ஸ் நல்ல மனிதர். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் இருக்கட்டும்.

இன்று வேலை ஒன்றும் இல்லை. கால் போன போக்கில் நடந்தோம். அவர் வழியெல்லாம் நடைபாதையில் பதித்திருந்த கல்லைக் குறை சொன்னார், நான் சுவரில் அடித்திருந்த பெயிண்ட்டைக் குறை சொன்னேன். இப்படி ஒரு பொருத்தம் வாய்க்குமா? ஜன்னலோரக் கட்டிலை எனக்குத் தருகிறேன் என்றார். உங்கள் குறட்டையை ஜன்னல் வழியாக வெளியே அனுப்ப வேண்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மனைவியிடம் போனில் சொன்னேன், "நீ கவலைப்படாதே, சம்பந்தி நம்ம ஆளு". அந்தப் பக்கத்தில் அவள் குரல் சரியாக இல்லை. தலைவலி என்றாள்.

ஜூலை 20, சனி

மகள் கூப்பிட்டாள். ஹோட்டல் படிக்கட்டில் நின்று பேசினேன்.

"அப்பா, இந்தக் கல்யாணம் வேண்டாம்பா."

அவளும் அந்தப் பையனும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, சேர்ந்து எடுத்த முடிவாம். அவன் நல்லவன்தானாம். குறை ஒன்றும் இல்லையாம். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச இரண்டு பேருக்கும் ஒன்றுமே இல்லையாம். "நீங்க ரெண்டு பேரும் ஒரு கோட்டுக்காகப் பேசிக்கிட்டதுல பாதிகூட நாங்க இத்தனை மாசத்துல பேசிக்கலப்பா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதை மண்டபம் புடிக்கறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா? உன்னைக் கேட்டுத்தானே எல்லாம் பண்ணோம்?"

"கேட்டீங்க. 'சரிதானே'ன்னு கேட்டீங்க. 'சரியா'ன்னு கேக்கல."

பதில் வரவில்லை எனக்கு. நான்! எனக்கு பதில் வரவில்லை.

அறைக்குத் திரும்பினால் டைல்ஸ் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். பாவம், ஒன்றும் தெரியாது. இவரிடம் எப்படிச் சொல்வது? கோட்டையாவது சந்தோஷமாக வாங்கட்டும், ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவரும் வழக்கத்துக்கு மாறாக அதிகம் பேசவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

கோட்டு, சொல்லக் கூடாது, அருமையாகப் பொருந்தியது. இரண்டு பேருக்கும். குண்டூசியம்மா முதல்முறையாக ஊசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார், எங்களை ஒன்றாக நிற்க வைத்துப் படம் எடுத்தார். "வாசல்ல இதே மாதிரி நிக்கணும் சம்பந்தி" என்றார் டைல்ஸ். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நிச்சயமாங்க" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ.

அங்கிருந்து தோல் கடை. ஷூக்களைக் கொடுத்துவிட்டு, தோல்காரர் கறுப்புக் கைப்பையை மேஜையில் வைத்தார். எழுத்துக் குத்தும் அச்சை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். என்ன எழுத்து?

நான் டைல்ஸைப் பார்த்தேன். அவர் பையைப் பார்த்தார். தோல்காரர் மறுபடி கேட்டார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. யாராவது ஒருவருக்கு விஷயம் தெரியாமல் இருந்திருந்தால் அவராவது எழுத்தைச் சொல்லியிருப்பாரே.

"எழுத்து வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் டைல்ஸ் கடைசியில்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"காலைல. நீங்க பல் தேச்சுக்கிட்டு இருந்தீங்க."

அதாவது எனக்கு முன்னாலேயே. "இதுலயும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் முந்தணுமா?" என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். தோல்காரர் அச்சை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. எழுதிவைக்கிறேன், ஆமாம், வந்தது. மகளுக்காகவா, மண்டபத்துக்காகவா, இந்த மனிதருக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

விமானத்தில் ஜன்னலோரம் எனக்கு. உட்காரச் சொன்னார், நிஜமாகவே. ஒன்றும் தெரியவில்லை, வெறும் மேகம்.

வெளியே வந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நின்றோம். "வரேன்..." என்று இழுத்தார். அடுத்து வர வேண்டிய வார்த்தை வரவில்லை. "வரேன் சார்" என்றார்.

கடையில் அத்தனை பேர் முன்னால் கத்தினாரே, அதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

கல்யாணம் நின்றதற்கு நான்தான் காரணமாம். உறவு முழுக்க ஒரே பேச்சு. மகள் சொல்லிப் பார்த்தாள், மாப்பிள்ளைப் பையனே போன் செய்து சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பத் தயாராக இல்லை. என் அக்கா கேட்டாள், "அங்க போய் அந்த மனுஷனை என்னடா சொன்னே?" மனைவி இன்றைக்கும் விடவில்லை. "உண்மையைச் சொல்லுங்க. வாயைத் திறந்தீங்களா இல்லையா?"

திறந்தேன் என்று எப்படிச் சொல்வது? திறந்ததால்தான் உறவே உண்டானது என்று சொன்னால் அடிக்க வருவாள்.

கைப்பையை மகளிடம் கொடுத்தேன். "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டேன். "இப்பவாவது கேட்டீங்களே" என்றாள். பச்சையாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று வரவேற்பு நடந்திருக்க வேண்டிய நாள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். பீட்ரூட்.

அந்த நேரம் பார்த்துப் போன். அவர்தான். "சார்... சும்மாதான் கூப்பிட்டேன்." நானும் சும்மாதான் பேசினேன். கடை எப்படி, முழங்கால் எப்படி, மழை உண்டா. எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைப் பிள்ளைகள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. நண்பர் என்று சொல்லலாம் என்றால், நண்பனை யாராவது 'சார்' என்பார்களா? அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. என் வாய்க்கே வராத வார்த்தை ஒன்று இருக்கிறது என்றால் மனைவி சந்தோஷப்படுவாள்.

வைக்கும்போது, "கோட்டு எப்படி இருக்கு?" என்றார். போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வந்திருந்தார், கையில் பத்திரிகையோடு. மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம். அவன் கூட வேலை பார்க்கிற பெண்ணாம். இரண்டு பேரும் ஓயாமல் பேசுகிறார்களாம், காது வலிக்கிறதாம் இவருக்கு. என் மகள் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவர் கழுத்துல டை கட்டத் தெரியாம முழிப்பாரு, யாராவது கட்டிவிடுங்க அங்கிள்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பார்த்து எனக்கு மனசு லேசானது.

மனைவி உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், புதுச் சம்பந்தியைக் கூட்டிக்கிட்டு அதே தையல் கடைக்குப் போறேன். ரொம்பத் தங்கமான மனுஷன். வாயே திறக்க மாட்டேங்கறாரு. போன வாரம் சந்தனக் கலர்ல ஒரு துணியைப் போன்ல காட்டினேன், பிரமாதம்ங்கறாரு. மினுமினுன்னு இருக்கும். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "உங்களுக்கு இன்னுமா புத்தி வரல? பொண்ணைப் பெத்தவன் பிரமாதம்னு சொன்னா நம்பலாமா? அந்த மனுஷன் உள்ளுக்குள்ள உங்களை எப்படித் திட்டறாரோ!"

அவர் யோசித்தார். "என்னன்னு திட்டுவாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் டைல்ஸ்னு சொல்லுவேன்."

"என்னது?"

சொல்லிவிட்டேன். பேர் வைத்தது, சுடச்சுட இருந்த டீயை ஆறிப்போச்சு என்றது, ஒரே பெல்ட்டை ஆராய்ந்தது, குளியலறையில் உட்கார்ந்து எழுதியது, எல்லாம். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் கையில் இருந்த தம்ளர் என் மேல் பறக்கும்போல இருந்தது.

"யோவ்" என்றார். "நீ இவ்வளவு மோசமான ஆளாய்யா? நான் என்னமோ உன்னை மகா சாதுன்னு நினைச்சேன்! கடையில பசங்ககிட்ட உன்னை ஏணின்னுதான்யா சொல்லுவேன். அதுக்கே மனசு உறுத்துச்சுய்யா எனக்கு!"

"ஏணியா?"

"பின்ன? உன் உசரத்துக்கு ஈடு குடுக்கத்தான்யா ஷூவுல உசத்தி வெக்கச் சொன்னேன்!"

சத்தம் கேட்டு மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "என்னங்க, மறுபடியும் ஏதாவது பேசிட்டீங்களா?" என்று என்னை முறைத்தாள். கல்யாணமே நின்று போன வீட்டில் இனி கெடுக்க என்ன மிச்சம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "இன்னும் ரெண்டு டீ போடு. இவன் இப்போ போக மாட்டான்."